எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்ட படிவம்

கண்ணு,

எடுத்தவுடன் நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். நான் சாப்பிட்டேனா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பாப்பாவுக்கு ஒன்றரை வயசுல டாக்டர்கிட்டக் காட்டுனோமல்லங்கப்பா, அப்ப எழுதிக் குடுத்த ஃபார்ம் உங்க பீரோவுலதான இருக்குது? எடுத்து வைங்க. வியாழக்கிழமைக்கு வேணும்” என்றாய். எதற்கு என்று நான்தான் கேட்டேன். பாப்பாவுக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பெரிய ஆஸ்பத்திரியில் முழுதாகப் பார்க்கப் போகிறார்கள் என்றாய். “அப்ப எல்லாம் சரியா இருந்து, பொறவு போயிருச்சுன்னா அது வேற மாதிரியாமுங்கப்பா. பாப்பாவைத் தூங்க வச்சுத் தலைக்கு ஸ்கேன் எடுக்கோணுமாம். அந்தப் பழைய பேப்பரைப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்களாம்” என்றாய். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்படிச் சொன்னது தப்பு. அந்தப் பேப்பரை அப்படியே உன் கையில் கொடுக்க முடியாது. அதில் எழுதியிருக்கும் குழந்தை நம் பாப்பா இல்லை. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உனக்கு மட்டும் எழுதி உறையில் ஒட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு படியைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். அவிநாசியில் பாப்பாவுக்குக் காது குத்தியபோது, மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் முன்னால் நான் பேசிய பேச்சு உனக்கு நினைவிருக்கும். பொய்யை அத்தனை பேர் கேட்கச் சொன்னவன், உண்மையை மட்டும் உன் காதோடு சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. யார் பேரையும் எழுதவில்லை. பாப்பா வளர்ந்து ஒருநாள் இதைப் படிக்கலாம். படித்தால் தாத்தாவைப் பற்றித்தான் அவளுக்குக் கேவலமாகத் தோன்ற வேண்டும், தன்னைப் பற்றி அல்ல.

நான் எட்டாவதோடு நின்றவன் என்பது உனக்குத் தெரியும். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, செப்புக் கம்பி எத்தனை சுற்று என்று எண்ணி எண்ணி, யாரிடமும் போய் நிற்காமல் தொழிலைக் கற்றுக்கொண்டேன். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டதா இல்லையா என்று சொல்வேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இன்றைக்கும் உண்டு. கணபதியில் வீட்டுக்குப் பின்னால் பட்டறை, முன்னால் நாம். உன் அம்மா பாப்பாவைப் பார்க்காமலே போய்விட்டாள். நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போக வேண்டும். குழந்தையை யார் பார்ப்பது என்று நீங்கள் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, நான் பார்க்கிறேன் என்று சொன்னது நான். ஆள் வைக்க வேண்டாம் என்று தடுத்ததும் நான். காலையில் நீங்கள் கிளம்பியதிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவள் என்னோடுதான் இருந்தாள். பால் ஆற்றிக் கொடுத்தேன், கால் கழுவி விட்டேன், பட்டறையில் ஒரு பாயை விரித்து உட்கார வைத்தேன். இதற்கெல்லாம் எனக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் ஏதோ தெருவில் போகிறவன்போல ஒரு ஃபார்மை மட்டும் கேட்டாயே, அது எனக்கு உறைக்கிறது.

அந்தப் பாயில் உட்கார்ந்து அவள் என்ன செய்வாள் என்று உனக்கு நான் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். மோட்டாருக்கு மாட்டும் வாசர் வளையங்களை ஒரு டப்பா கொட்டினால் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் நிறுத்திச் சுற்றி விடுவாள். அது சுழன்று விழும் வரைக்கும் கண் இமைக்காமல் பார்ப்பாள். பிறகு அடுத்தது. ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே. பட்டறைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் “என்ற பேத்தி பாருங்க, இப்பவே ஃபிட்டராட்ட உக்காந்திருக்கறா” என்று காட்டினேன். அவர்கள் பாப்பா என்று கூப்பிடுவார்கள். அவள் திரும்ப மாட்டாள். “வேலையில இருக்கறாங்க, கூப்புடாதீங்க” என்பேன், எல்லோரும் சிரிப்பார்கள். சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கிறவன், அவள் திரும்பாததைத் தினமும் பார்த்துக்கொண்டு அதை வைத்து வேடிக்கை பேசியிருக்கிறேன்.

உன் மனைவிக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. உன் மாமியாருக்கும். அந்த அம்மா ஒரு பொங்கலுக்கு வந்தபோது, காபி குடித்த டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னது: “தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. பொம்பளை இல்லாத ஊட்டுல, நாள் பூரா மோட்டாருச் சத்தத்துக்குள்ள விட்டு வளத்துனா, புள்ளைக்குப் பேச்சு எங்கிருந்துங்க வரும்?” எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் குத்து குத்துதான். அந்தப் பேச்சை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து பாப்பாவிடம் ஒரு குறை இருந்தால் அது என் வளர்ப்பின் குறை என்று எனக்குள் முடிவாகிவிட்டது. அந்தக் குறையை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதும் கூடவே முடிவாகிவிட்டது. அடுத்த மாதமே உன் மனைவி அந்தப் படிவத்தைக் கொண்டுவந்தாள்.

தடுப்பூசி போடும் டாக்டர் கொடுத்தது. ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்கு எல்லாம் கொடுப்பதாம். “மாமா, நீங்கதானுங்க பகல் பூரா பாப்பாகூட இருக்கறீங்க. இதைச் சித்தெ பார்த்து டிக் பண்ணிக் குடுங்க” என்றாள். “இதென்ன அம்மணி, பரிட்சைப் பேப்பராட்ட இருக்குது?” என்றேன். “பரிட்சை எல்லாம் இல்லீங் மாமா. பாஸு, பெயிலுன்னு கெடையாது. இருக்கறதை இருக்கறபடி எழுதுனாப் போதும். எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்” என்றாள். என்னை நம்பித்தான் அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்தாள். தன் அம்மாவின் பேச்சைப் பிடித்துக்கொண்டு என்னை வேவு பார்க்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா. ஏதாவது ஒன்றை உங்களுக்குக் காட்டுவதற்காக விரலை நீட்டுகிறதா. நீங்கள் காட்டும் பக்கம் பார்க்கிறதா. பொம்மைக்குச் சோறு ஊட்டுவதுபோல விளையாடுகிறதா. மோட்டாரைச் சோதிக்கிறவன் இல்லையா, நானே ஒன்றைச் செய்து பார்த்தேன். அவள் பக்கத்தில் போய்க் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வலிக்கிறதென்று முனகி அழுவதுபோல் செய்தேன். ஒரு வாசர் உருண்டு என் காலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பாப்பா எழுந்தாள். என் முழங்காலின் மேல் கை ஊன்றி, ஏறித் தாண்டி, வாசரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணு, அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. பெயர் தெரியவில்லை, ஆனால் டாக்டர் பார்க்க வேண்டிய ஏதோ ஒன்று என்று தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே பேனாவை எடுத்து எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டேன்.

போட்டதோடு விடவில்லை. பட்டறைக்குத் தர முத்திரை கொடுக்கிறவர்கள் சோதனைக்கு வரும்போது நாங்கள் என்ன செய்வோம் என்று சின்ன வயதில் நீ பார்த்திருக்கிறாய். நூறு மோட்டாரில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்து, புதுப் பேரிங் மாட்டி, பெயின்ட் அடித்து, வருகிறவர் கண் முதலில் படும் இடத்தில் நிறுத்துவேன். “அப்பாவோட மாப்பிள்ளை மோட்டாரு” என்று நீ கேலி செய்வாய். அதே வேலையைத்தான் பாப்பாவிடமும் செய்தேன். டாக்டரிடம் போகப் பத்து நாள் இருந்தது. அவளுடைய விரலைப் பிடித்து மின்விசிறியைக் காட்டி, “ஃபேன் எங்க?” என்பேன், ஒரு துண்டு பிஸ்கட் கொடுப்பேன். நாளைக்கு ஐம்பது தடவை இருக்கும். எட்டாவது நாள், கேட்டவுடன் அவளே விரலைத் தூக்கினாள். பேர் சொன்னால் திரும்புவதுதான் வரவில்லை. பிஸ்கட் உறையைக் கசக்கினால் மட்டும் சட்டென்று திரும்புவாள். அதனால் பேரைச் சொல்லி உறையைக் கசக்கிப் பழக்கினேன். உறை இல்லாமல் கூப்பிட்டால் கடைசி வரைக்கும் திரும்பவில்லை.

டாக்டரிடம் போன அன்று நீ லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தாய். நானும் வருவேன் என்று அடம் பிடித்தேன். டாக்டர் நாற்காலிக்கு ஒட்டினாற்போல இருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டேன். பாப்பா கீழே ஒரு பொம்மைக் காரைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். உன் மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை அவர் கூப்பிட்டபோது நான் சட்டைப் பைக்குள் கையை விட்டு உறையைக் கசக்கினேன். பாப்பா தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தாள். “ஃபேன் எங்க?” என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன். விரலைத் தூக்கிக் காட்டினாள். நீ சிரித்தாய். உன் மனைவியின் கை தளர்ந்து தலைப்பு கீழே விழுந்தது. அந்த ஒரு நிமிடத்தில் அவள் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை, ஏனென்றால் அது நான் திருடிக் கொடுத்தது.

டாக்டரம்மா படிவத்தைப் பார்த்துவிட்டு, “ஒண்ணுக்குக்கூட இல்லைன்னு போடலையேங்க தாத்தா” என்றார். “இருக்கறதைத்தானுங்க போட்டிருக்கறேன்” என்றேன். “சரிங்க. எதுக்கும் காது ஒருதரம் பார்த்துட்டு, ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் கூட்டிட்டு வாங்க” என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். காதைப் பார்த்தோம், நன்றாக இருந்தது. ஆறு மாதம் கழித்து உன் மனைவி ஞாபகப்படுத்தினாள். “பாஸான புள்ளைக்கு எதுக்கு அம்மணி மறுபடியும் பரிட்சை?” என்றேன். அவள் உன்னைப் பார்த்தாள். நீ என் பக்கம் நின்றாய். “அப்பாதான நாள் பூரா பாக்கறாரு. அவருக்குத் தெரியாதா?” என்றாய். கூடவே வந்தது காது குத்து. பந்தியில் யாரோ, பாப்பா இன்னும் பேசவில்லையா என்று கேட்டதற்கு, “டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க, ஒரு கொறையும் இல்லை. பெத்தவளுக்குத்தான் சந்தேக நோவு” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தேன். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவள் உன் மனைவி. அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

உனக்கு ஒன்பது வயதில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். போர்டில் எழுதுவது உனக்குத் தெரியவில்லை என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார். சேட்டை என்றேன். கணக்கைத் தப்பாகப் பார்த்து எழுதினாய் என்று ஸ்கேலால் அடித்தேன். இந்த வயதில் கண்ணாடி போட்டால்தான் கண் கெடும் என்றேன். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு உன் அம்மா எனக்குச் சொல்லாமல் உன்னை உக்கடத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினாள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அவர் கேட்டாராம். இடது கண் உனக்கு இன்றைக்கும் கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாது. வண்டி ஓட்டும்போது நீ தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அது என்னால் வந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அதையே என் பேத்திக்கும் செய்தேன், அதையும் சொல்கிறேன். அவளுக்கு நான் ஒன்றரை வருஷத்தைக் கெடுத்துவிட்டேன்.

ஆனால் இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. பேச்சு வரட்டும் என்று உன் மனைவி பாப்பாவைப் பிளே ஸ்கூலில் சேர்த்த ஒரு மாதத்தில், அவளை டாக்டரிடம் காட்டுங்கள் என்று அங்கிருந்த மிஸ் சொல்லி அனுப்பினாள். அன்று சாயங்காலம் உங்கள் அறையில் நீ உன் மனைவியிடம் பேசியது வெளியே கேட்டது. “ஒன்றரை வயசுல நல்லா இருந்த புள்ளை. கூப்புட்டாத் திரும்புனா. கையைக் காட்டுனா. நீ கொண்டுபோய் அங்க தள்ளுன பொறவுதான் எல்லாம் போச்சு” என்றாய். “நானும் அப்படித்தானுங்க நெனைக்கறேன்” என்றாள் அவள். நான் உள்ளே வந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே வந்தேன். வந்து, “நானும் அதையேதான் சொல்லிட்டிருக்கறேன்” என்றேன். அடுத்த வாரம் நீங்கள் சரவணம்பட்டிக்கு வீடு பார்த்துப் போய்விட்டீர்கள். “கொஞ்ச நாள் தனியா இருக்கறோமுங்கப்பா” என்றாய். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வாசல் வரைக்கும்கூட வரவில்லை. நான் ஒன்றும் செய்யாதவன் மாதிரி நாலு மாதம் உன் மேல் கோபமாக இருந்தேன். அந்தக் கோபம் முழுதும் இன்னும் போகவில்லை, அதையும் மறைக்கவில்லை.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். டாக்டரிடம் நீ படித்துக் காட்ட வேண்டியது இதுதான். ஒன்றரை வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பாப்பா திரும்பவில்லை. பத்து தடவை கூப்பிட்டால் ஒரு தடவை, அதுவும் சந்தேகம்தான். பிஸ்கட் உறைச் சத்தத்துக்கும் கேட் சத்தத்துக்கும் திரும்பினாள். தனக்குப் பிடித்ததை எனக்குக் காட்டுவதற்காக ஒரு நாளும் விரல் நீட்டவில்லை. ஃபேனைக் காட்டியது பிஸ்கட்டுக்காக. ஏதாவது வேண்டுமென்றால், ஸ்பேனரை எடுப்பதுபோல என் கையை மணிக்கட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பிரிட்ஜ் கதவில் வைப்பாள். அப்போதும் முகத்தைப் பார்க்க மாட்டாள். நான் காக்காயைக் காட்டினால் காக்காயைப் பார்க்க மாட்டாள், என் விரலையும் பார்க்க மாட்டாள். பொம்மைக்குச் சோறு ஊட்டியதில்லை. பொம்மையின் கையைத் திருகித் திருகிச் சுற்றுவாள். பேச்சு ஒன்றிரண்டு சத்தம், அவ்வளவுதான். அவளுக்கு இருந்தது எதுவும் போகவில்லை. ஆரம்பத்திலிருந்தே அவள் இப்படித்தான் இருந்தாள். தூங்க வைத்து ஸ்கேன் எடுப்பது வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் இதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும், என்னுடைய பொய்யைப் பார்த்துவிட்டு அல்ல.

இந்தக் கடிதத்தை முதலில் உன் மனைவி கையில் கொடு. நீ படித்துவிட்டுச் சொல்லாதே, அவளே படிக்கட்டும். அவள் வேலைக்குப் போனதால் எதுவும் போகவில்லை. பிளே ஸ்கூலில் விட்டதால் எதுவும் போகவில்லை. அந்த வீட்டில் முதல் நாளிலிருந்து சரியாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான், அவள் வாயை நாம் இரண்டு பேரும் சேர்ந்து மூடினோம். நீ அவளைப் பேசியதற்குக் காரணம் என்னுடைய பொய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேசிய வாய் உன்னுடையது. அதற்கான பதிலை நீதான் அவளிடம் சொல்ல வேண்டும், என்னைக் காட்டித் தப்பிக்காதே. நான் சொல்ல வேண்டியதை நானே வந்து சொல்வேன். மன்னிப்பு என்று காகிதத்தில் எழுதி அனுப்புவது எனக்கு வராது. மண்டபத்தில் வாயால் சொன்னதை வாயால்தான் திருப்பி எடுக்க வேண்டும். அடுத்த விசேஷத்தில் அதே ஆட்கள் முன்னால் எடுக்கிறேன். உன் மாமியாரும் இருக்கட்டும்.

உனக்கு நான் புத்தி சொல்ல இனி என்ன இருக்கிறது என்று நினைப்பாய். ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை அவர்கள் என்ன கேட்டாலும் நல்ல பதிலைத் தேடாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல். இல்லாததை இல்லை என்று சொல். பாப்பா திரும்பவில்லையென்றால் நீயும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு அவளைத் திருப்பப் பார்க்காதே. அவள் எப்படி இருக்கிறாளோ அப்படியே அவர்கள் பார்க்கட்டும். அவளை யாரும் இதுவரைக்கும் அப்படிப் பார்க்க விடவில்லை.

பழைய படிவத்தை நானே கொண்டுவருகிறேன். ஒவ்வொரு ‘ஆம்’ மேலும் கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். நீங்கள் கூப்பிட்டால் உள்ளே வருகிறேன், இல்லையென்றால் படிவத்தைக் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வந்தால் டாக்டரிலிருந்து தள்ளி, கதவு ஓரமாக உட்காருவேன். வாயைத் திறக்க மாட்டேன். சட்டைப் பையில் ஒன்றும் இருக்காது.

அப்பா